சலுகை மார்க் வேண்டாம்: சின்னப் படங்கள், யூட்யூப் பற்றிக் கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் திரைப்படக் கல்லூரியில் படித்தவன் இல்லை, விமர்சகனும் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன், ராத்திரி சாப்பிட்ட பிறகு படம் பார்க்கிறேன். பதிலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் 'கொட்டுக்காளி' கிளைமாக்ஸ் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பால்கனி டிக்கெட்: அண்ணே, பட்ஜெட் கம்மியா இருந்தா அது இண்டி படமா, அதாவது சுயேச்சைப் படமா? 'கொட்டுக்காளி'யை சிவகார்த்திகேயன் தயாரிச்சார், 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை விஜய் சேதுபதி தயாரிச்சார். இவ்வளவு பெரிய ஆளுங்க பணம் போட்ட பிறகு அது எப்படி இண்டி ஆகும்?

பட்ஜெட்டை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரொம்பக் குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படத்தில்கூட, பாட்டு எங்கே வர வேண்டும், காமெடிக்கு யார் வேண்டும் என்பதைப் பணம் போட்டவரோ படத்தை வாங்கப் போகிறவரோ சொல்லிவிடுவார். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: படத்தில் கடைசிப் பேச்சு யாருடையது? 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. சூரி நாயகனாக நடித்து, 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்த படம் அது. அதில் ஆர்.ஆர். (பின்னணி இசை) வேண்டாம் என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜால் சொல்ல முடிந்திருக்கிறது, தயாரிப்பாளரும் சரி என்று விட்டிருக்கிறார். எனக்கு அது போதும். பணம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பணத்தையும் மக்களிடமே வாங்கி எடுத்தவர்கள் உண்டு. 1976-ல் ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் இன்னும் ஒரு படி மேலே. நம் ஊரில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்து, அதற்குத் தேசிய விருது வாங்கி, பிறகு கேரளத்துக்குப் போய் நண்பர்களோடு 'ஒடேசா' என்று ஒரு குழு ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். இன்று கிரவுட் ஃபண்டிங் என்று லிங்க் அனுப்புகிறார்களே, அதை உண்டியலும் துண்டுமாகச் செய்த ஆட்கள் இவர்கள்.

தூங்காநகரத்தான்: எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்கன்னு 'கூழாங்கல்' போட்டேன். இருபது நிமிஷத்துல தூங்கிட்டேன். தப்பு என் மேலயா, படத்து மேலயா?

மதுரைக்காரர் நீங்களே தூங்கிவிட்டால் எப்படி? படம் எடுத்தது உங்கள் மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டி சுற்றுவட்டாரத்தில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதை ஒரு வரிதான். குடிகார அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடி அவள் ஊருக்கு பஸ்ஸில் போகிறார். அங்கே சண்டை. திரும்பும்போது பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அந்த வெயிலில் 13 கிலோமீட்டர் நடை. மொத்தமே ஒன்றேகால் மணி நேரப் படம். தன் உடன்பிறந்த சகோதரிக்கு நேர்ந்த இப்படி ஒரு நடையிலிருந்துதான் படம் பிறந்தது என்று இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் தூங்கிய இடத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது தெரியுமா? முன்னால் நடக்கும் அப்பாவின் முதுகில், பையன் உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து வெயிலைத் திருப்பி அடிக்கிறான். அப்பாவை அடிக்க முடியாத பையனுக்குக் கிடைத்த ஆயுதம் அது. வசனம் கிடையாது, அழுகை கிடையாது. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஓர் இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை இவனுக்கு முதல் தடவை இல்லை என்பதை அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. இதை எந்தக் கதாபாத்திரமும் வாய் திறந்து சொல்லவில்லை. படத்தின் பெயரே அந்தக் கல்தான். 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது, அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் நுழைவு என்று போனதெல்லாம் பிறகு.

அந்த நடையை வேகமாக வெட்டிக் காட்டியிருந்தால், ரெண்டு நிமிஷத்தில் ஊர் வந்திருக்கும், உங்களுக்கும் தூக்கம் வந்திருக்காது. ஆனால் கல் குவியலைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒன்றும் விழுந்திருக்காது. மெதுவாகப் போவதற்கு அந்தப் படத்தில் காரணம் இருக்கிறது.

எல்லா மெதுவான படத்துக்கும் இப்படிக் காரணம் இருக்கிறதா என்றால், இல்லவே இல்லை. ஜன்னல் வழியாக ஒருத்தர் வெளியே பார்ப்பதை மூன்று நிமிஷம் காட்டிவிட்டு விழாவுக்கு அனுப்பும் படங்கள் ஏராளம். நான் வைத்திருக்கும் சோதனை சுலபமானது. நீளமான ஒரு ஷாட் முடிந்ததும், இது பாதி நீளத்தில் இருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுக்கொள்வேன். ஒன்றுமே குறையாது என்று நாலைந்து தடவை பதில் வந்தால் அணைத்துவிடுவேன். 'பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க' என்று சலுகை மார்க் போடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. மசாலாப் படமும் கஷ்டப்பட்டுத்தான் எடுக்கிறார்கள். உங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு.

இன்னொரு தடவை போடுவதாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்குப் போடாதீர்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிப் படத்தை வெயிலே காட்டிக்கொடுத்துவிடும்.

மாடிவீட்டு அக்கா: தம்பி, புது டிவி வாங்கினதிலிருந்து எல்லாப் படமும் சீரியல் மாதிரி தெரியுது. வழவழன்னு இருக்கு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சோ?

கண் நன்றாக இருக்கிறது அக்கா, டிவியின் வேலை இது. சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். புது டிவிகள் அதற்கு நடுவில் தானாகவே ஃப்ரேம்களை உண்டாக்கிச் சொருகிவிடுகின்றன. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, படத்துக்கு எமன். செட்டிங்கில் 'பிக்சர்' என்ற பகுதிக்குள் போனால் கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும்: எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். அதை ஆஃப் செய்துவிடுங்கள். சில டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றே இருக்கும், அதைப் போட்டால் இந்த வேண்டாத வேலையெல்லாம் ஒரே தட்டில் நின்றுவிடும். சின்னப் படங்களில் இது இன்னும் முக்கியம். 'டு லெட்' மாதிரி நிஜ வீட்டு வெளிச்சத்தை நம்பி எடுத்த படத்தை வழவழப்பாக்கினால் சீரியல் செட் ஆகிவிடும்.

செல்போன் சினிமா: போனில் படம் பார்ப்பது பாவமா சார்? ஹாஸ்டலில் வேறு வழி இல்லை. அப்புறம் 1.5 மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?

பாவமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் ஹெட்ஃபோன் கட்டாயம். பின்னணி இசை இல்லாத படங்களில் சத்தம்தான் பாதிக் கதை; போனின் ஸ்பீக்கரில் காற்றும் கோழியும் ஆட்டோவும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். அடுத்தது, யூட்யூப் தானாகவே தரத்தைக் குறைத்து ஓட்டும். இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிவது ஒளிப்பதிவாளர் குற்றம் இல்லை, டேட்டாவை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. கைமுறையாக 1080 போட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் கூட்டுவது உங்கள் இஷ்டம். சமையல் வீடியோ, போன் விமர்சனம், 'பத்து நிமிஷத்தில் வருமான வரி' இதையெல்லாம் நானே இரண்டு மடங்கில்தான் பார்ப்பேன், அவர்கள் பேசும் பாதி நிரப்புச் சொல்தான். கதைப்படத்தில் நடிகர் பதில் சொல்லத் தயங்கும் அந்த ஒரு விநாடிக்குத்தான் இயக்குநர் மண்டையை உடைத்திருப்பார். அதை முக்கால் விநாடிக்கும் கீழே ஆக்கிவிட்டுப் 'படத்தில் ஃபீல் இல்லை' என்று எழுதாதீர்கள்.

கதை கேளு: யூட்யூபில் குறும்படம் என்றாலே கடைசியில் ஒரு ட்விஸ்ட், இல்லாவிட்டால் அம்மா சென்டிமென்ட், அதுவும் இல்லாவிட்டால் காதல் தோல்வி. ஏன் இப்படி?

அச்சு வார்த்த இடம் அப்படி. 2010 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், 'இன்று நேற்று நாளை' ரவிக்குமார் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் விஜய் சேதுபதி நடித்துக்கொண்டிருந்த காலம். நடுவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், கையில் இருப்பது சில நிமிஷம், படம் முடிந்த உடனே அவர் கருத்துச் சொல்லப் போகிறார். அந்த இடத்தில் கடைசி அரை நிமிஷத்தில் ஒரு அடி அடித்தாக வேண்டும். ட்விஸ்ட் அங்கே பிழைக்கும் வழியாக இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த அடுத்த செட், போட்டியே இல்லாத யூட்யூபிலும் அதே அடியைத் தொடர்கிறது.

இன்னொரு காரணம், அந்தக் குறும்படங்கள் விசிட்டிங் கார்டு ஆகிவிட்டன. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக ஓடி 2012-ல் அதே பெயரில் பெரிய படம் ஆனது. பிரதீப் ரங்கநாதனின் 'அப்பா லாக்' 2022-ல் 'லவ் டுடே' ஆனது. தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறவன் பைலட் ஃபிலிம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் குறும்படமும் பெரிய படத்துக்கு அட்வான்ஸ் கேட்கும் மனுவாக இருந்தால், குறும்படமாக மட்டுமே சொல்லக்கூடிய விஷயத்தை யார் எடுப்பது? ஒருவர் பஸ் ஸ்டாண்டில் சில்லறைக்காகக் காத்திருக்கிறார், கிடைக்கவில்லை, போகிறார். இதை எட்டு நிமிஷத்தில் உட்கார்ந்து பார்க்க வைத்தால் அவன் கெட்டிக்காரன். எனக்குத் தெரிந்து இந்த மாதிரிப் படங்களின் வியூஸ் ஆயிரத்தைத் தொடாது. தேடுபொறியில் ட்விஸ்ட் என்ற சொல்லைப் போடாமல் தேடிப் பாருங்கள், சிக்கும்.

சமையல்கட்டு சினிமா: ராத்திரி கிராமத்துச் சமையல் வீடியோ பார்க்கிறேன். 'இதெல்லாம் கன்டென்ட்டா, நல்ல படம் பாரும்மா' என்கிறான் மகன். பதில் சொல்லிக் கொடுங்கள்.

மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஒரு வீடியோவைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும். பின்னணி இசை இல்லை. அம்மியில் மிளகாய் அரைபடும் சத்தம், விறகு வெடிக்கும் சத்தம், 'மஞ்சள்!' என்று ஒருத்தர் கத்துகிறார், அடுத்த ஷாட்டில் மஞ்சள். கேமரா எங்கே வைத்தால் எண்ணெய் தெறிப்பது தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுவதில்லை, 'பெல் பட்டனை அழுத்துங்க' என்று பத்து தடவை கெஞ்சுவதும் இல்லை. சமைத்ததைக் கடைசியில் ஆதரவற்ற முதியவர்களோ ஊர்க்காரர்களோ சாப்பிடுகிறார்கள், முடிந்தது. 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தாண்டி, தமிழ் சேனல்களில் முதலாவதாக டைமண்ட் பட்டன் வாங்கினார்கள். மறு வருஷம் 'விக்ரம்' படத்தில் சமையல்காரர்களாகவே ஒரு காட்சியில் வந்துபோனார்கள்.

பின்னணி இசை இல்லாத திரைப்பட விழாப் படத்தை எந்தக் காரணத்துக்காகப் பாராட்டுகிறோமோ, அதே காரணம் இங்கேயும் இருக்கிறது. வெளிநாட்டு விழாவின் முத்திரை இருந்தால் 'கலை', தம்ப்நெயில் இருந்தால் 'கன்டென்ட்' என்று பிரிப்பது எனக்கு ஒத்துவராது. ஆனால் அம்மா, இதே பாணியைக் காப்பியடித்து வந்த சேனல்கள் பலவற்றில் நூறு கோழி, ஆயிரம் முட்டை என்று எண்ணிக்கை ஒன்றுதான் ஏறிக்கொண்டு போகிறது. அவற்றைப் பற்றிச் சொன்னால் மகன் சொல்வதுதான் சரி.

ஆட்டோ ராஜா: 'கொட்டுக்காளி' கிளைமாக்ஸ் புரியல. பாதியில நிறுத்திட்ட மாதிரி இருக்கு. தியேட்டர்ல பக்கத்துல உக்காந்தவர் 'படம் முடிஞ்சுதா, ரீல் அறுந்துச்சா'ன்னு கேட்டார்.

மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். வீட்டார் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, கட்டிக்கொள்ளப் போகும் பாண்டியோடு சேர்ந்து சாமியாரிடம் ஆட்டோவில் அழைத்துப் போகிறார்கள். வழி முழுக்க அவள் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பேசுவதெல்லாம் பாண்டிதான், அதுவும் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில். வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டை அவள் முணுமுணுத்துவிட்டாள் என்பதற்காக எல்லாரையும் போட்டு அடிக்கிறான். இவ்வளவு வீரமான ஆண்கள், நடுரோட்டில் ஒரு காளை நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். படத்தில் நான் சத்தமாகச் சிரித்த இடம் அது.

கடைசியில், தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது, முன்னால் இருக்கும் பெண்ணிடம் சாமியார் 'பேயோட்டும்' லட்சணத்தைப் பாண்டி பார்க்கிறான். அதே இடத்தில் மீனாவை உட்கார வைக்கப் போகிறோமா இல்லையா? அங்கே படத்தை நிறுத்திவிடுகிறார்கள். நான் இதை இப்படி எடுத்துக்கொண்டேன்: பாண்டி திருந்தினான் என்று காட்டினால் நாம் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். திருந்தவில்லை என்று காட்டினால் அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். இரண்டுக்கும் இடம் தரவில்லை.

ஆனால் உங்கள் பக்கத்து சீட்காரர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. போஸ்டரில் சூரி முகத்தைப் பார்த்து, 'விடுதலை'யையும் 'கருட'னையும் மனதில் வைத்து டிக்கெட் எடுத்தவர் அவர். இது எந்த மாதிரிப் படம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் படத்தைப் பெரிய ரிலீஸாக வெளியிட்டது சரியா என்று அப்போது ஒரு சண்டையே நடந்தது. என் கட்சி, வெளியிட்டது சரி, விளம்பரம் செய்த விதம் சரியில்லை.

ஆறாவது அசிஸ்டன்ட்: அண்ணா, நானும் நண்பர்களும் 12 நிமிஷக் குறும்படம் எடுத்தோம். யூட்யூபில் போட்டு 640 வியூஸ். காசு எப்போது வரும்? விழாக்களுக்கும் அனுப்பலாமா?

கணக்கு கேட்டீர்கள், இது என் தொழில். விளம்பரப் பணத்தில் பங்கு வர 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். உங்கள் 12 நிமிஷப் படத்தை 20,000 பேர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தால்தான் அது தேறும். யாரும் கடைசிவரை பார்க்க மாட்டார்கள். சராசரியாகப் பாதி பார்க்கிறார்கள் என்று வைத்தாலும் 40,000 பேர். அதைத் தாண்டிய பிறகுதான் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸ் வழியாக நுழைய வேண்டுமென்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. ஆக, ஒரு குறும்படத்தை வைத்து யூட்யூபில் சம்பாதிப்பது நடக்காத காரியம். வாராவாரம் போடுகிறவனுக்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. நக்கலைட்ஸ் யூட்யூப் சேனல் மாதிரி ஒரு டீமாக விடாமல் போட்டுக்கொண்டே இருக்க முடிந்தால் அது வேறு கணக்கு.

விழா விஷயத்தில் வரிசையை மாற்றிவிட்டீர்கள் தம்பி. முதலில் விழாக்கள், பிறகு யூட்யூப். ஏற்கெனவே பொதுவில் போட்ட படத்தைப் பல பெரிய விழாக்கள் ஏற்பதில்லை. சில விழாக்கள் ஏற்கின்றன. விதிமுறையில் 'பிரீமியர்' (முதல் திரையிடல்) என்று போட்டிருக்கும் பத்தியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த படத்துக்கு, நடுவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் போட்ட லிங்க்.

அப்புறம், மாதாமாதம் நடக்கும் 'சர்வதேச' ஆன்லைன் விழாக்கள் ஒரு கூட்டம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும், 'சிறந்த அறிமுக இயக்குநர்', 'சிறந்த டீஸர்', 'சிறந்த போஸ்டர்' என்று போஸ்டரில் போட ஏதாவது ஒரு இலைவளைய விருது முத்திரை வந்துவிடும். கோப்பை வேண்டுமென்றால் தனிக் காசு. திரையிடல் எங்கே, எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராது. போஸ்டரில் இருபது இலைவளையம் பார்த்தால் நான் அந்தப் படத்தைத் திறப்பதே இல்லை. அந்தக் காசை நல்ல மைக் வாடகைக்குக் கொடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்கவில்லையென்றால் அடுத்த நொடி போய்விடுவார். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தது 2015-ல். அதே ஆள் 2025-ல் நாலு ஆஸ்கர் தூக்கிக்கொண்டு போனார். போனில் எடுத்தார் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், ஒலிக்கும் லென்ஸுக்கும் தனியாக மெனக்கெட்டதை யாரும் சொல்வதில்லை.

சினிமாப் பாட்டை வைக்காதீர்கள். யூட்யூபின் கன்டென்ட் ஐடி சில விநாடியிலேயே கண்டுபிடித்துவிடும், விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகும்.

இலவசம்: டெலிகிராமில் எல்லாம் கிடைக்கும்போது எதற்கு அஞ்சு ஓடிடிக்குக் காசு?

பெரிய படத்துக்கு உங்கள் திருட்டு ஒரு கொசுக்கடி. சின்னப் படத்துக்கு, அது ஓடிடியில் எத்தனை பேரால் பார்க்கப்பட்டது என்ற எண்தான் அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்கான பேச்சுவார்த்தையில் வைக்கப்படும். ஐந்துக்கும் ஒரே நேரத்தில் கட்டச் சொல்லவில்லை. ஒரு மாதம் ஒன்று, பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டு அடுத்தது. கேரள அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று ஓர் ஓடிடி ஆரம்பித்தது. சந்தா கிடையாது, பார்க்கும் படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. இங்கே அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாகக் கட்டுவேன்.

விமர்சனம் வேண்டாம்: 'உலகத்தரம்' என்று விமர்சனம் வந்தால் நம்பலாமா?

வேண்டாம். எந்தக் காட்சி, ஏன் என்று சொன்னால் நம்புங்கள்.

பேனா மூடி: ஆவணப்படம் என்றாலே நியூஸ் ரீல் ஞாபகம் வருகிறது. எங்கே தொடங்கலாம்?

முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி ரகுவை வளர்த்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' நெட்ஃபிளிக்ஸில் சுமார் நாற்பது நிமிஷம்தான். வீட்டில் எல்லாரும் பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அழகான காட்டையும் யானையையும் பார்த்துவிட்டு, ஆவணப்படம் என்றாலே மனதுக்கு இதமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்ததாக திவ்ய பாரதியின் 'கக்கூஸ்'. 2017-ல் வந்தது. கையால் மலம் அள்ளுவது சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய் அதைச் செய்துகொண்டிருப்பவர்களை நேரே காட்டினார். திரையிடலுக்குப் பல இடங்களில் தடை வந்தது, யூட்யூபில் போட்டார். மண்டபம் கிடைக்காத படத்துக்கு யூட்யூப் மண்டபமானது. இதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்பே ஆர்.பி.அமுதன் மதுரையில் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் பெண்ணோடு கேமராவை வைத்துக்கொண்டு நடந்து 'பீ' என்ற படத்தை எடுத்தார். அப்போது யூட்யூபே கிடையாது, சி.டி.யைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனால்தான் உண்டு.

தியேட்டருக்கு வர வேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' தணிக்கையில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011-ல்தான் அனுமதி வாங்கியது. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021-ல் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். கையில் காசில்லாத ஆவணப்பட இயக்குநர் வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் ஏறுவாரா? அதனால்தான் இத்தனை பேர் நேராக ஆன்லைனுக்கு வருகிறார்கள். இணையம் தாராள மனசு கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம், மற்ற கதவுகள் சாத்தியிருக்கின்றன.

ஸ்கார்பரோக்காரன்: அண்ணை, எங்கட ஆக்களின்ர படங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?

நீங்கள் கேட்டதற்கு நன்றி. உங்கள் ஊர்ப் படமான லெனின் எம்.சிவத்தின் 'ஏ கன் அண்ட் எ ரிங்' (2013) இங்கே பேசப்பட்டதை நான் கேட்டதே இல்லை. டொராண்டோவில் வாழும் ஈழத்தவர்களின் கதைகளைப் பின்னிய படம். 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' பிரெஞ்சு இயக்குநர் எடுத்தது என்றாலும், நாயகன் எழுத்தாளர் ஷோபாசக்தி, பேச்சில் பெரும்பகுதி தமிழ். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017-ல் கானில் திரையிடப்பட்ட ஆவணப்படம். அதில் சொல்லப்படுவதை ஒப்புக்கொள்ளாத தமிழர்கள் நிறைய. சண்டை பிடிக்க வேண்டும் என்றாலும் பார்த்துவிட்டுப் பிடிப்போம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இவற்றில் எதையும் ஒழுங்காகக் காசு கொடுத்துப் பார்க்கத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய குறை.

ரிமோட் என் கையில்: வீட்டுக்காரரும் நானும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஒரே ஒரு படம். அவருக்கு விருதுப் படம் என்றாலே அலர்ஜி. சீக்கிரம் சொல்லுங்க.

'கடைசி விவசாயி'. விருது வாங்கியது என்று அவரிடம் சொல்லாதீர்கள். எண்பது வயது தாண்டிய நல்லாண்டி என்ற நிஜ விவசாயி நாயகன். படம் வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர் மேல் கேஸ் போட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவருக்குக் கேஸைப் பற்றிக் கவலையே இல்லை, குலதெய்வத்துக்குப் படைக்க வேண்டிய நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லையே என்றுதான் கவலை. நீதிபதி ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிப் பயிரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். யூனிஃபார்மில் வயலுக்குப் போகிற அந்தக் கான்ஸ்டபிள் வரும் இடங்களில் உங்கள் வீட்டுக்காரர் சிரிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுவிடுங்கள், சாப்பிட்ட பிறகு போட்டால் அவர் தூங்கிவிட்டுப் பழியை இயக்குநர் மணிகண்டன் மேல் போடுவார்.